மறைவும் நினைவும்

மக்கள் உள்ளத்தில் இரண்டு விருப்பங்கள் ஒருங்கே குடிகொண்டிருக்கின்றன. தம் வாழ்வின் ஒரு பகுதி பிறர் கண்ணிற் படாது காக்கப்படவேண்டும் என்பது ஒன்று. தாம் வாழ்ந்ததும் அன்பு செய்ததும் முற்றும் மறக்கப்பட்டொழியாது நினைக்கப்படவேண்டும் என்பது மற்றொன்று. இவை தம்முள் முரணுவன போலத் தோன்றினும், ஒன்றின்றி மற்றொன்று நிறைவெய்துவதில்லை. ஒன்றையும் மறைக்கவியலாத வீட்டில் ஒருவன் மனம் விட்டுப் பேசான். மனம் விட்டுப் பேசாதவனைக் குறித்துப் பின்னர் நினைத்துக்கொள்வதற்கும் மிகுதியாக ஒன்றும் இராது.

நம் பண்டைத் தமிழாசிரியர் இவ்வுண்மையை நன்குணர்ந்திருந்தனர். அவர் பொருளை அகமென்றும் புறமென்றும் பகுத்தனர். அகப்பாட்டினுள் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த வரம்பு. புறப்பாட்டிலோ மன்னனுடைய பெயரும் ஊரும் போரும் கொடையும் விளங்கக் கூறப்படும்; போரில் வீழ்ந்த வீரனுக்கு அவன் பெயரும் பீடும் எழுதி நடுகல் நாட்டப்படும். மறைக்கத்தக்கது இன்னது, நினைவில் நிறுத்தத்தக்கது இன்னது என்னும் தெளிவு அவர்க்கு இருந்தது. இக்காலத்து மக்கள் நாள்தோறும் புகுந்து வாழும் ஒரு புதுவகை உலகத்தில் அத்தெளிவு இல்லாது போயிற்று என்பதும், அதனை மீட்டுக்கொள்ளல் நம் போன்ற இளைஞர் கடன் என்பதும் ஈண்டு யாம் கூறப்புகுவன.

இணையவழி மெய்ந்நிகர் உலகம் என்பது யாது? பலர் தத்தம் ஊரில் தத்தம் கணினியின் முன் இருந்தவாறே ஒரே கற்பனையிடத்திற் கூடி, ஒவ்வொருவரும் ஒரு புனைவுருவம் தாங்கி, நடந்தும் பேசியும் விளையாடியும் வாழ்வதற்கு அமைந்ததோர் இடம் அது. ஒருவர் அதனை விட்டு வெளியேறிய பின்னும் அவ்வுலகம் இயங்கிக்கொண்டேயிருக்கும். 1978-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டு எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த ராய் டிரப்ஷா தொடங்கிவைக்க, அவருடைய தோழர் ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' என்பது இவ்வகைக்கு முன்னோடி. அதிற் படம் ஒன்றுமில்லை. எழுத்தே நிலமும் எழுத்தே மாளிகையுமாக இருந்தது. 2003-இல் அமெரிக்க நாட்டு லிண்டன் லேப் என்னும் நிறுவனம் 'செகண்ட் லைஃப்' என்னும் உலகத்தைத் திறந்தது. 2004-இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' தோன்றியது. இன்று தலையிற் கருவியணிந்து, கண்முன் விரியும் காட்சியினுள்ளேயே கைகால் அசைத்து உலவுமளவிற்கு இக்கலை வளர்ந்துள்ளது. மாணவர் இருவர் முயற்சியாற் பிறந்த இவ்வகையுலகம் மாணவர் சிந்தனைக்கு உரியதாதல் பொருத்தமேயன்றோ?

இவ்வுலகங்களிற் புகுவோர் பெரும்பாலும் தம் இயற்பெயரைக் கூறார். தாம் விரும்பியதொரு பெயரைப் புனைந்துகொள்வர். இது பொய்ம்மையின்பாற்படும் என்று பெரியோர் சிலர் கடிந்துரைப்பதை யாம் கேட்டிருக்கின்றோம். பொய்யாவது பிறனை ஏமாற்றி அவனுக்குத் தீங்கு சூழ்வது. தன் முகத்தைக் காட்டாது தன் உள்ளத்தைக் காட்டுதல் அத்தகையதன்று. குறுந்தொகைப் புலவருட் சிலருக்கு இயற்பெயர் அறியப்படாமையால், அவர்தம் பாட்டிற் கண்ட தொடரே பெயராயிற்று. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என அவரை வழங்குகின்றோம். அவர்தம் ஊரும் குலமும் நாம் அறியோம். அவர்தம் நெஞ்சத்தையோ நன்கறிவோம். வெளியுலகில் உடற்குறையாலும் பாலாலும் பிறப்பாலும் முதலிலேயே எடைபோடப்படும் ஒருவர், அவற்றையெல்லாம் வாயிலிற் களைந்துவிட்டு, தம் சொல்லாலும் செயலாலும் மட்டுமே அறியப்படுதற்கு ஓரிடம் தேடுவராயின் அவரைப் பொய்யரென்பது அறமன்று.

இம்மறைவைப் புனைவுலகத்தார் எத்துணை அருமையாகப் போற்றுகின்றனர் என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். 2010-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் உலகத்தை நடத்தும் பிளிசார்ட் நிறுவனம், தன் பொதுமன்றில் எழுதுவோர் அனைவருடைய இயற்பெயரும் இனிமேல் வெளிப்படும் என்று அறிவித்தது. தீய சொற்களைக் குறைத்தல் அதன் நோக்கம். ஆயினும், பெயர் வெளிப்பட்டால் வீடுவரை பின்தொடர்ந்து வந்து தொல்லை தருவார் உளர் என்று அஞ்சினவர், அவருள்ளும் பெண்கள், பெருங்குரலெழுப்பினர். சில நாட்களுக்குள் அந்நிறுவனம் தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பேரரசர் ஆணையையொத்த நிறுவன ஆணையும் குடிகள் ஒன்றுபட்டு மறுத்தவழி நில்லாது என்பதனை இந்நிகழ்ச்சியால் அறிகின்றோம்.

நிற்க. பெயரை மறைத்தல் மட்டும் போதுமோ? போதாது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் தலைவன் பெயர் யாண்டும் இல்லை. எனினும் வேலில் வேம்பு சூட்டப்பெற்ற செய்தி அதனுள் வருகின்றது. வேம்பு பாண்டியர்க்குரிய பூவாதலின், அவ்வடையாளமே அரசனை இன்னானென்று சுட்டிவிட்டது என்றும், ஆகவே அப்பாட்டு அகமாகாதொழிந்தது என்றும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்டார். ஒரு சிறு பூ ஒருவனைக் காட்டிக்கொடுக்கும் என்னும் இந்நுட்பத்தை வகுப்பிற் பயின்றபோது இது புலவர்தம் வழக்காட்டு என்றே யாம் எண்ணினோம். அது நம் காலத்திற்கே எழுதப்பெற்றது போலும் என்று பின்னர் உணர்ந்தோம். 2023-இல் பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பிறரும், 'பீட் சேபர்' என்னும் விளையாட்டில் ஈடுபட்ட 55,000-க்கு மேற்பட்டோருடைய தலையசைவையும் கையசைவையும் ஆராய்ந்தனர். ஒவ்வொருவருடைய அசைவையும் சில நிமிட அளவு கணினிக்குப் பயிற்றுவித்தபின், வேறு 100 நொடி அசைவை மட்டும் காட்டினால், இவர் இன்னார் என்று நூற்றுக்கு 94 முறை அது சரியாகக் கூறிற்று. பெயரை மாற்றலாம், முகத்தை மாற்றலாம், குரலையும் மாற்றலாம். கையை வீசும் இயல்பை எங்ஙனம் மாற்றுவது? நம் உடலசைவே இற்றைநாள் வேப்பம்பூவாயிற்று.

இவ்வுலகங்களிற் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் ஒரு நிறுவனத்தின் கணினி வழியாகவே செல்கின்றது என்பதையும் நாம் மறத்தலாகாது. செகண்ட் லைஃப் உலகத்தின் ஒழுக்கவிதிகளில், ஒருவர் பேசியதை அவர் இசைவின்றிப் பிறர்க்குப் பரப்பலாகாது என்றும், தொலைவிலிருந்து ஒட்டுக் கேட்டலாகாது என்றும் விதிக்கப்பட்டது. நல்ல விதியே. ஆயின் அது குடிகள் ஒருவர்க்கொருவர் ஆற்றவேண்டிய கடமையேயன்றி, ஒற்றர் கண்களை மூடும் திரை அன்று. எட்வர்டு ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்களைக் கொண்டு 2013 டிசம்பரில் செய்தித்தாள்கள் எழுதியவாறு, அமெரிக்க, ஆங்கில நாட்டு ஒற்றர் துறையினர் செகண்ட் லைஃபிலும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டிலும் தாமே புனைவுருவம் தாங்கி உலவி, அங்குள்ளார் பேச்சைத் திரட்டினர். ஒருவரையொருவர் அறியாது மோதிக்கொள்ளாதிருத்தற்பொருட்டு அவ்வொற்றர்க்கென ஒரு குழுவே வேண்டியிருந்ததாம். பயங்கரவாதத்தைத் தடுத்தற்கு இதனாற் பயன் விளைந்தது என்பதற்கு அவ்வெளிவந்த ஆவணங்களில் ஒரு சான்றும் காணப்படவில்லை. விளையாட வந்த மக்களின் சொற்களோ சேர்த்து வைக்கப்பட்டன.

மறைவின் நிலை இதுவாயின், நினைவின் நிலை யாது? அதனினும் இரங்கத்தக்கது. கூகிள் நிறுவனம் 'லைவ்லி' என்னும் உலகத்தை 2008 ஜூலையில் திறந்து, அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் நாளிலேயே மூடிவிட்டது. 2003 முதல் மக்கள் வாழ்ந்துவந்த 'ஸ்டார் வார்ஸ் கேலக்சிஸ்' 2011 டிசம்பரில் அணைந்தது. சிறுவர் சிறுமியர் பனிப்பறவையுருவிற் கூடி மகிழ்ந்த 'கிளப் பெங்குவின்' 2005-இல் தோன்றி 2017 மார்ச்சு 30-ஆம் நாள் மூடப்பெற்றது. கடல்கோளால் ஓர் ஊர் அழிந்தால், கரையில் ஓர் ஓடாவது ஒதுங்கும். அகழ்ந்து பார்ப்போர்க்கு ஒரு மண்கலமாவது அகப்படும். இவ்வூர்கள் மின்னிணைப்பு நின்ற நொடியிலேயே தடமின்றிப் போயின.

அறிஞர் இதனைக் கவனியாதிருந்தாரல்லர். அமெரிக்கப் பேராயத்து நூலகத்தின் ஆதரவில் இல்லினாய்ஸ், ஸ்டான்ஃபோர்டு, மேரிலாண்டு முதலிய பல்கலைக்கழகத்தார் ஒன்றுகூடி, புனைவுலகங்களைப் பாதுகாக்கும் வழியை ஆராய்ந்து 2010-இல் தம் அறிக்கையை வெளியிட்டனர். நிரலைப் பாதுகாத்தாலும் அவ்வுலகத்து வாழ்வு பாதுகாக்கப்பட்டதாகாது என்பது அம்முயற்சியை நோக்குவார்க்கு விளங்கும். சிலம்பின் கதையில் வரும் மதுரையின் தெருவும் கடையும் மட்டும் எஞ்சி, கண்ணகி பேசிய ஒரு சொல்லும் எஞ்சாதிருப்பின் நமக்கு எஞ்சியது யாது? கட்டடத்தைக் காப்பது எளிது. மக்கள் பேசியதைக் காப்பதற்கோ அவர்தம் மறைவைத் திறக்கவேண்டியுள்ளது. இங்குத்தான் மறைவும் நினைவும் ஒன்றையொன்று எதிர்நின்று தாக்குகின்றன.

இம்முரண்பாட்டை ஆராய்தற்கு நார்வே நாட்டு இளைஞர் மாட்ஸ் ஸ்டீன் என்பார் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். தசைகள் மெலிந்து தேயும் கொடிய பிறவிநோயால் அவர் சக்கரநாற்காலியிலேயே வாழ்ந்து, 2014 நவம்பரில், தம் 25-ஆம் அகவையில் இறந்தார். அறைக்குள் கணினியின் முன்னே தம் மகன் தனிமையிற் காலங் கழித்தான் என்றும், நட்பும் காதலும் அறியாது போயினான் என்றும் பெற்றோர் நினைந்து வருந்தினர். அவர் தம் வலைப்பதிவின் கடவுச்சொல் பெற்றோர்க்குக் கிடைக்குமாறு விட்டுச் சென்றிருந்தார். அதனைத் திறந்து மகன் மறைவைத் தந்தை அறிவித்தபோது, முன்பின் அறியாதாரிடமிருந்து மடல்கள் வந்தவண்ணம் இருந்தன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் உலகத்தில் 'இபெலின்' என்னும் பெயரோடு அவர் பலர்க்குத் தோழராயும் ஆறுதல் கூறுவாராயும் வாழ்ந்திருந்தார். தம் நோயை அவர்களிடம் நெடுங்காலம் மறைத்தேயிருந்தார். அத்தோழருட் சிலர் வெளிநாடுகளிலிருந்து வந்து அவருடைய அடக்கத்திற் கலந்துகொண்டனர். அவருடைய குழுவினர் சேமித்து வைத்திருந்த பல்லாயிரம் பக்க உரையாடற் பதிவுகளைக் கொண்டு, பெஞ்சமின் ரீ என்னும் இயக்குநர் அவ்வாழ்வை மீண்டும் உருவாக்கி 2024-இல் ஒரு திரைப்படமாக வெளியிட்டார்.

உரையாடலைப் பதிந்து வைத்தலே தீது என்று கூறிவிடுவோமாயின், இப்பெற்றோர் தம் மகனை ஒருகாலும் அறிந்திரார். பதிந்து வைத்தல் எப்பொழுதும் நன்றே என்று கூறிவிடுவோமாயின், ஒற்றர் செய்ததும் நன்றென்று ஒப்பவேண்டி வரும். ஆதலின் வேற்றுமை பதிவில் இல்லை. பதிவு யார் கையில், யாருடைய இசைவோடு, எதன்பொருட்டு இருக்கின்றது என்பதில் இருக்கின்றது. ஸ்டீன் உயிரோடிருந்தவரை எதனைக் கூறவேண்டும், எதனை மறைக்கவேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். தம் நோயைக் குறித்து எழுதியவரும் அவரே. திறவுகோலைக் கொடுத்தவரும் அவரே. அவருடைய சொற்களைக் காத்தவர் அவரோடு உரையாடியவரும் அவரிடம் அன்புடையவருமாவர். விற்பதற்கென்றோ வேவு பார்ப்பதற்கென்றோ அவை காக்கப்படவில்லை. இத்தகைய பதிவை நாம் நடுகல் என்போம். மற்றையதை அலர் என்போம். இரண்டும் சொல்லால் ஆயினவே. ஆயினும் ஒன்று இறந்தாரை நிறுத்துகின்றது, மற்றொன்று இருப்பாரைக் கொல்லுகின்றது.

மறைவு தீயோர்க்கும் புகலிடமாகாதோ என்று வினவுவார் உளர். வினா நேரியதே, அதனைத் தள்ளிச் செல்லுதல் கூடாது. 1993-ஆம் ஆண்டு 'லாம்டாமூ' என்னும் எழுத்துலகில், ஒருவன் புனைபெயரின் மறைவில் நின்று, பிறர் புனைவுருவங்கள் நாணத்தக்க செயல்களைச் செய்வன போல எழுதி, அவர்களைப் பெரிதும் புண்படுத்தினான். ஜூலியன் டிபெல் என்னும் எழுத்தாளர் அந்நிகழ்ச்சியை அவ்வாண்டிறுதியில் எழுதி உலகறியச் செய்தார். அவ்வுலகத்தார் கூடி வழக்காடினர். இறுதியில் நடத்துநருள் ஒருவர் அப்புனைவுருவத்தையே அழித்துவிட்டார். பின்னர் அவ்வுலகத்தை அமைத்த பாவெல் கர்ட்டிஸ், குடிகளே விண்ணப்பித்து வாக்களித்து முடிவு செய்யும் முறையை ஏற்படுத்தினார். அதே மனிதன் வேறு பெயரோடு மீண்டும் வந்தான் என்று அங்குள்ளார் கருதினர் என்பதையும் மறையாது கூறவேண்டும். மறைவிற்கு விலையுண்டு, சில வேளைகளில் அவ்விலையைக் குற்றமற்றோர் கொடுக்க நேரும். ஆயினும் கள்வர் ஒளிகின்றனர் என்பதற்காக ஊரிலுள்ள கதவையெல்லாம் கழற்றிவிடுவாரில்லை. குற்றம் நிகழ்ந்தவழி, முறையறிந்த நடுவர் முன்னிலையில், காரணங் காட்டி, குற்றவாளியின் கதவை மட்டும் திறத்தலே நீதி.

இனிச் செய்யத்தக்கன யாவை? எம் சிற்றறிவிற்கு எட்டிய மூன்றைக் கூறுவோம்.

முதலாவது, எந்தப் புனைவுலகமும் தன் வாயிலிலேயே, இங்குப் பேசுவன பதியப்படும், இத்துணை நாள் வைக்கப்படும், இன்னார் காண்பர் என்று எளிய மொழியில் எழுதி வைத்தல் வேண்டும். அசைவுப் பதிவுகளும் இவ்விதிக்கு உட்படவேண்டும். ஒருவர் அறியாது அவர் சொல்லையோ அசைவையோ சேர்த்து வைத்தல் களவேயாம்.

இரண்டாவது, ஓர் உலகத்தை மூடக் கருதும் நிறுவனம், தக்க காலத்திற்கு முன்னரே அறிவித்து, ஒவ்வொருவரும் தாம் எழுதியதையும் கட்டியதையும் எடுத்துக்கொண்டு போக வழிசெய்தல் வேண்டும். நிரலை ஒரு நூலகத்தின்பால் ஒப்புவித்தல் வேண்டும். 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்னும் உலகம் 2012 நவம்பர் 30-ஆம் நாள் மூடப்பெற்றது. அன்பர் சிலர் அதனைப் பல ஆண்டுகள் மறைவாகவே நடத்திவந்தமை 2019-இல் வெளிப்பட்டது. உரிமையுடைய நிறுவனம் 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அன்பர் குழுவொன்றிற்கு அதனை நடத்த இசைவளித்தது. பதினோராண்டிற்குப் பின் மனமுவந்து தந்த இசைவை முதலிலேயே தந்திருந்தால், நினைவைக் காக்க விரும்பியோர் ஒளிந்து வாழவேண்டியிருந்திராது.

மூன்றாவது, நாம் ஒவ்வொருவரும் நம் திறவுகோலை யாரிடம் விட்டுச் செல்வது என்று உயிரோடிருக்கும்போதே எண்ணித் துணிதல் வேண்டும். 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் நம் நாட்டு உச்சநீதிமன்றத்தின் நீதிபதியர் ஒன்பதின்மர், தனியுரிமை அடிப்படையுரிமையே என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். 2023-இல் நம் பாராளுமன்றம் இயற்றிய தனிப்பட்ட தரவுகள் பற்றிய சட்டத்தில், தம்மைக் குறித்த தரவை அழிக்கச் சொல்லும் உரிமையும், தாம் இறந்தபின் தம் சார்பில் அவ்வுரிமைகளைச் செலுத்துதற்கு ஒருவரை நியமிக்கும் உரிமையும் கூறப்பட்டுள்ளன. மறதியைக் கேட்கும் உரிமையும் நினைவை ஒப்படைக்கும் உரிமையும் ஒரே சட்டத்தில் அருகருகே நிற்றல் எமக்குப் பெருமகிழ்ச்சி தருகின்றது. எழுத்தில் உள்ள உரிமையை வழக்கிற் கொணர்வது மக்கள் கையிலுள்ளது.

சட்டமும் நிறுவனமும் திருந்தும் வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. தோழர்களே! ஒருவர் நம்மை நம்பித் தனிமையிற் கூறியதைத் திரைப்படியெடுத்துப் பத்துப் பேர்க்கு அனுப்பும் பழக்கம் நம் விடுதியறைகளிலும் புகுந்துவிட்டது. அலர் தூற்றும் ஊரைப் பழிக்கும் பாட்டுக்களைத் தேர்விற்காக நெட்டுருச் செய்யும் நாமே, அலர் தூற்றுவாராதல் தகுமோ?

இறுதியாக ஒன்று கூறி அமைவோம். 2020-இற் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, யாம் ஒரு சிறு விளையாட்டுலகில் மாலைதோறும் கூடிவந்தோம். ஒரு பறவையின் பெயரைப் புனைந்துகொண்ட தோழர் ஒருவர் அங்கு எம்மோடிருந்தார். அவர் ஆணோ பெண்ணோ, எவ்வூரினரோ, யாம் கேட்கவுமில்லை, அவர் கூறவுமில்லை. எம் வீட்டில் நோய் புகுந்து யாம் அஞ்சியிருந்த இரவொன்றில், விடியுமளவும் அவர் எம்மோடு பேசிக்கொண்டிருந்தார். சில திங்களில் அவ்வுலகம் முன்னறிவிப்பின்றி மூடப்பெற்றது. அவர் பேசிய ஒரு சொல்லும் இன்று எம்மிடம் எழுத்தில் இல்லை. அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமென்று யாம் விழையவில்லை. அவர் மறைவு அவருக்கு உரியது. அவரைப் பெயர் சுட்டாது இவ்விடத்தில் நினைந்துகொள்வதற்கு மட்டும் எமக்கு உரிமையுண்டு. எம்மால் இயன்ற நடுகல் இதுவே.